அழுகை வாய்பாடு

இன்று காலைப் பிரார்த்தனை முடிந்து அறைக்குள் வந்து உட்கார்ந்ததும், ஒன்றாம் வகுப்புப் பொடிசு ஒன்று கதவோரம் வந்து நின்றது. டிஷ்யூ பேப்பரில் சுற்றிய எதையோ நீட்டியது. பிரித்தால் பன். கம்பெனி கேன்டீன் பன், சிவப்பும் பச்சையுமாக டூட்டி ஃப்ரூட்டி ஒட்டியது, பாதி கடித்தது. "உங்களுக்குத்தான் டீச்சர்" என்றது, பெரிய மனது பண்ணி. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்துவிட்டது. ஞாபகம் என்ன ஞாபகம், நீயே கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, "யாரோட அம்மா ராத்திரி ஷிஃப்ட்டு?" என்று கேட்ட மாதிரி இருந்தது.

ராத்திரி ஷிஃப்ட்டுக்குப் போகிறவர்களுக்குத்தான் விடியற்காலையில் அந்த பன் கொடுக்கிறார்கள் என்று எனக்குச் சொன்னவள் நீ. அவர்கள் தின்னாமல் பையில் போட்டுக்கொண்டு வந்து பிள்ளை கையில் கொடுப்பார்கள். வகுப்பில் பன் வாசனை அடித்தால் அம்மாக்கள் வீட்டில் தூங்குகிறார்கள் என்று அர்த்தம். நான் இந்தப் பள்ளியின் தலைமை ஆசிரியை என்று பெயர். ஊரில் எந்த வீட்டில் யார் எப்போது தூங்குகிறார்கள் என்பதெல்லாம் மூன்றாம் வகுப்பு டீச்சரான உனக்குத்தான் தெரியும்.

உனக்குக் கடிதம் எழுதும் பழக்கம் எனக்குக் கிடையாது. பக்கத்து அறையில் இருக்கிறவளுக்கு யார் எழுதுவார்கள்? ஏதாவது என்றால் சுவரைத் தட்டுவேன், நீ வருவாய், அல்லது வராமல் அங்கிருந்தே கத்துவாய். போன கோடை லீவில் நீ போய்விட்டாய். காய்ச்சல் என்று படுத்தவள், அவ்வளவுதான். லீவு போட்டால் பிள்ளைகளுக்குப் பாடம் கெட்டுவிடும் என்று பொழுதுக்கும் சொல்லுவாயே, போகும்போதும் பள்ளி லீவு பார்த்துத்தான் போனாய். ஜூனில் பள்ளி திறந்தபோது உன்மேல் கோபம் கோபமாக வந்தது. இப்போது கோபம் இல்லை. இதில் அழக்கூடாது என்று முடிவு பண்ணிவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். நாம் சிரித்ததை எழுதப் போகிறேன். நடுவில் மூக்கை உறிஞ்சினால் கண்டுகொள்ளாதே.

ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் நாம் ஒரே பெஞ்ச். உனக்கு முன்னால் எனக்கு வேலை கிடைத்தது, அதனால் நான் ஹெச்.எம். ஆனேன். அதை நீ கடைசிவரை மன்னிக்கவே இல்லை. "ஏமே ஹெச்செம்மு" என்று தெலுங்கு 'என்னடி' போட்டுக் கூப்பிடுவாய். மற்ற டீச்சர்கள் முன்னால் அப்படிக் கூப்பிடாதே என்றால், "சரிங்க ஹெச்செம்மு" என்பாய். வேப்பனப்பள்ளிப் பக்கம் மாந்தோப்புக்காரர் வீட்டுப் பெண் நீ. வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ், சண்டை போடும்போது மட்டும் கன்னடம். ஸ்கூட்டியில் அத்தனை தூரம் வந்து இறங்கும்போதே சிரித்துக்கொண்டு இறங்குவாய். எனக்கு அது எரிச்சலாக இருக்கும். காலையிலேயே என்னடி சிரிப்பு என்று கேட்டால், சாயங்காலம் வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும் என்பாய்.

உன் வகுப்பில் நடந்த மூன்று பாஷைக் கூத்தை நான் எப்படி மறப்பேன்? மும்மூன்றாகத் தாவி எண்ணச் சொல்லிக் கொடுத்தாய். அவரவர் வீட்டுப் பாஷையில் சொல்லலாம் என்றும் சொல்லிவிட்டாய். நம் ஊரில் தமிழ்ப் பிள்ளைகள் இருக்கிறார்கள், தெலுங்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள், ஓசூரைத் தாண்டி அந்தப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த குடும்பங்களின் கன்னடப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஒரு கும்பல் "மூணு" என்றது. ஒரு கும்பல் "மூடு" என்றது. ஒரு கும்பல் "மூரு" என்றது. அடுத்த தாவல் ஆறு. தமிழிலும் அது ஆறுதான், தெலுங்கிலும் ஆறுதான், கன்னடத்திலும் ஆறுதான். மொத்த வகுப்பும் ஒரே வாயாக "ஆறு!" என்று கத்தியதில் கூரைமேல் இருந்த காக்கை அலறிக்கொண்டு பறந்தது. அதற்கப்புறம் மறுபடியும் ஒம்பது, தொம்மிதி, ஒம்பத்து என்று மூன்றாகப் பிரிந்து ஒரே இரைச்சல்.

நான் பிரம்பில்லாத குறையாக வந்து நின்றேன். "என்னடி இது, பள்ளிக்கூடமா, கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டா?"

"ஆறுல அல்லாரும் ஒண்ணாயிடறாங்க, கவனிச்சியா?" என்றாய் நீ. கண்ணெல்லாம் பளபளவென்று இருந்தது உனக்கு. நானும் அதற்குமுன் கவனித்ததில்லை. இருந்தாலும் விட்டுக்கொடுக்காமல், "கவனிச்சேன், கவனிச்சேன், அவங்கள கொஞ்சம் மெதுவா ஒண்ணாகச் சொல்லு" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வாய்பாட்டை வாயால் சொன்னால் மறந்துவிடும், காலால் சொன்னால் மறக்காது என்பது உன் கட்சி. அந்த வருஷம் டிசம்பர் முதல் வாரத்தில் வராண்டா முழுக்கச் சாக்பீஸால் கட்டம் போட்டாய், பாண்டி ஆட்டத்துக்குப் போடுவது மாதிரி, ஆனால் நீளமாக. ஒரு வாரத்துக்கு ஒரு கட்டம். திங்கட்கிழமை ஆனால் அந்த வாரத்துக் கட்டத்தில் பிள்ளைகள் ஒரு கலர் தீட்ட வேண்டும். அம்மாவுக்குக் காலை ஷிஃப்ட் என்றால் மஞ்சள், ராத்திரி ஷிஃப்ட் என்றால் நீலம், மதிய ஷிஃப்ட் என்றால் வெள்ளை.

நம் ஊர்ப் பெண்களில் முக்கால்வாசிப் பேர் ஒரே கம்பெனிக்குப் போகிறவர்கள். ஊருக்கு ஒரே கம்பெனி பஸ் என்பதால் எல்லாருக்கும் ஒரே ஷிஃப்ட்தான். அது வாராவாரம் மாறும். முதலில் காலை, அடுத்த வாரம் ராத்திரி, அதற்கடுத்த வாரம் மதியம், மறுபடியும் காலை. காலை ஷிஃப்ட் என்றால் அம்மா இருட்டோடு கிளம்பிப் போய் மூன்று மணிக்கெல்லாம் வந்துவிடுவாள், சாயங்காலம் முழுக்கப் பிள்ளைக்குத்தான். ராத்திரி ஷிஃப்ட் என்றால் பகலெல்லாம் தூக்கம், எட்டரைக்கு பஸ். மதிய ஷிஃப்ட்தான் மோசம். பிள்ளை பள்ளி விட்டு வரும்போது அம்மா இருக்க மாட்டாள். அம்மா வரும்போது பிள்ளை தூங்கிப்போயிருக்கும்.

நாலைந்து கட்டம் கலர் அடிப்பதற்குள்ளேயே பிள்ளைகளுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. வராத வாரத்துக்கெல்லாம் அவர்களே முன்கூட்டிக் கலர் அடித்துவிட்டார்கள். மஞ்சள் ஒன்று, நாலு, ஏழு, பத்து. நீலம் இரண்டு, ஐந்து, எட்டு, பதினொன்று. வெள்ளை மூன்று, ஆறு, ஒன்பது, பன்னிரண்டு. அதற்கப்புறம்தான் வம்பு வந்தது. இரண்டாம் வாய்பாடு, ஐந்தாம் வாய்பாடு எல்லாம் துள்ளிக் குதித்துச் சொன்ன பிள்ளைகள் மூன்றாம் வாய்பாட்டைச் சொல்ல மாட்டேன் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். ஏன் என்று கேட்டால், "அது அழுகை வாய்பாடு டீச்சர்" என்றாள் ஒருத்தி. "மூணு, ஆறு, ஒம்பது எல்லாம் அம்மா இல்லாத வாரம்."

நானாக இருந்தால், அதெல்லாம் ஒன்றுமில்லை, ஒழுங்காகப் படி என்று சொல்லியிருப்பேன். நீ அப்படிச் சொல்லவில்லை. வராண்டாவில் சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, "ஆமா, அழுகை வாய்பாடுதான்" என்று ஒத்துக்கொண்டாய். "அதுல ஒண்ணே ஒண்ணு கூட்டிப் பாருங்க. என்னா வருது?"

மூன்றோடு ஒன்று நாலு. ஆறோடு ஒன்று ஏழு. ஒன்பதோடு ஒன்று பத்து. எல்லாம் மஞ்சள் கட்டம்! அழுகைக்கு அடுத்த கட்டத்தில் அம்மா நிற்கிறாள் என்று கண்டுபிடித்த சந்தோஷத்தில் அன்றைக்கு அதுகள் போட்ட ஆட்டத்தைச் சத்துணவு அக்கா கரண்டியோடு வந்து நின்று பார்த்தாள். அடி பாவி, இப்படியும் ஒரு கணக்கா என்று நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் உன் தலை ஸ்கூட்டி ஹெல்மெட்டுக்குள் நுழையாமல் போய்விடுமே.

அந்த வகுப்பில்தான் நந்தினி இருந்தாள். அவளுக்கு இரண்டாம் வகுப்பில் நடந்தது உனக்கும் எனக்கும் தெரியும். அந்த வருஷ ஆண்டு விழாவில் அவள் டான்ஸ் கடைசியாக இருந்தது. அவள் அம்மா கம்பெனியின் நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டே வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள், ராத்திரி ஷிஃப்ட். சிறப்பு விருந்தினர் தாமதமாக வந்தார், வந்தவர் பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். எட்டரைக்கு ரோட்டில் பஸ் ஹாரன் அடித்தது. நந்தினி மேடையோரம் சலங்கையோடு நிற்கிறாள், அவள் அம்மா பையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள். அப்புறம் அந்தப் பிள்ளை ஆடத்தான் செய்தது. ஆனால் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டே ஆடியது.

ஆகவே அடுத்த வருஷம் நான் பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமையைக் குறித்துப் பிரார்த்தனையில் அறிவித்ததும், நந்தினி நேராக என் அறைக்கு வந்தாள். "நான் இந்த வருஷம் ஆடல டீச்சர். எங்கம்மா வராது."

"வரும், வரச் சொல்றேன்" என்றேன்.

"வராது டீச்சர். நீங்க வெச்ச தேதி பதினொண்ணாவது கட்டத்துல வருது. ராத்திரி ஷிஃப்ட்டு."

"யாரு சொன்னா? கம்பெனி மேனேஜரா?"

"ரெண்டு, அஞ்சு, எட்டு, பதினொண்ணு" என்றாள். பின்னால் மூன்றாம் வகுப்பே நின்று தலையை ஆட்டியது. அவர்களுக்கும் பின்னால் நீ, ஒன்றும் தெரியாதவள் மாதிரி கூரையைப் பார்த்துக்கொண்டு.

"ஏண்டி, ஆண்டு விழாவைக் கம்பெனி ஷிஃப்ட் பார்த்தா வைப்பாங்க?" என்று உன்மேல் பாய்ந்தேன். "சிறப்பு விருந்தினரா வர அந்தக் கிரானைட் பட்டறைக்காரரு தேதி கொடுத்திருக்காரு. ஃபேன் வாங்கித் தந்த மனுஷன். அவருகிட்ட போயி, ஐயா, பிள்ளைங்க தாவிப் பார்த்துச்சுங்க, உங்க தேதி சரியில்லன்னு சொல்லவா?"

"சொல்லேன்" என்றாய் நீ.

சொன்னேன். என்ன செய்வது? ஒரு வாரம் முன்னால் தள்ளி, பத்தாவது கட்டத்துக்கு வெள்ளிக்கிழமை. மஞ்சள் கட்டம், காலை ஷிஃப்ட், மூன்று மணிக்கு அத்தனை அம்மாக்களும் ஊரில். அவரும் நல்ல மனுஷன், சரி என்றுவிட்டார். அழைப்பிதழ் அடித்தாயிற்று. நந்தினி சலங்கையைத் தேடி எடுத்துவிட்டாள். உன் வகுப்பு எண்ணுக் கும்மி போடுவது, நந்தினி நடுவில் நின்று எண்ணுவது, மூன்றுக்கு ஒரு தடவை எல்லாரும் கைதட்டுவது என்று ஏற்பாடு. நீ பிள்ளைகளோடு பிள்ளையாகக் குனிந்து நிமிர்ந்து கும்மியடித்துக் காட்டியதில் இடுப்புப் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் வளைந்தே நடந்தாய்.

அப்புறம் பொங்கல் வந்தது. அந்த வாரம் முழுக்கக் கம்பெனிக்கு லீவு, மிஷினெல்லாம் கழற்றிச் சுத்தம் பண்ணுகிறார்கள் என்றார்கள். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். லீவு முடிந்து திங்கட்கிழமை நந்தினி கோணல் சடையோடு வந்தாள். நான் பார்த்தேன், சடை கோணல் என்று மட்டும் பார்த்தேன். நீ பார்த்ததும் உன் முகம் மாறியது.

"யாரு சடை போட்டா?"

"அப்பா. அம்மாதான் விடிகாலையிலேயே ஷிஃப்ட்டுக்குப் போயிடுச்சே."

நீ போய் எட்டாவது கட்டத்தில் நின்றாய். நீலக் கட்டம். கணக்குப்படி அந்த வாரம் ராத்திரி ஷிஃப்ட். அம்மா அந்நேரம் வீட்டில் இருந்து சடை போட்டிருக்க வேண்டும். மூன்று மணிக்குப் பஸ் வந்ததும் நந்தினியின் அம்மாவை வழிமறித்துக் கேட்டாய். நானும் கூட நின்றேன். அவள் சாதாரணமாகச் சொன்னாள்: "லீவு வாரத்துக்கு யாரு டீச்சர் ஷிஃப்ட் போடுவாங்க? விட்ட எடத்துலேருந்துதான ஓடும்?"

ஊரில் ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிந்த சங்கதி. சங்கதி என்றே யாருக்கும் தோன்றாததால் பிள்ளைகளிடம் யாரும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. நீ ஏழாவது கட்டத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாய். அழப்போகிறாய் என்று நினைத்தேன். நீ சிரித்தாய். "ஏமே, ஏழாவது கட்டத்தப் பொங்கல் தின்னுடுச்சு" என்றாய்.

மறுநாள் பிள்ளைகளோடு ஈரத்துணி வைத்து ஏழிலிருந்து எல்லாக் கலரையும் துடைத்தோம். ஏழு காலிக் கட்டம். எட்டு மஞ்சள். ஒன்பது நீலம். பத்து வெள்ளை. பத்தாவது கட்டம்தான் அழைப்பிதழில் அடித்து வைத்த தேதி! இப்போது அது மதிய ஷிஃப்ட், அழுகை வாரம். ஒரு அம்மாகூட வர முடியாது. ராத்திரி ஷிஃப்ட்டாக இருந்தாலாவது பாதி விழா பார்ப்பார்கள். பதினொன்றாவது கட்டத்துக்கு மஞ்சள் அடித்தபோதுதான் எனக்கு உறைத்தது.

"அடிப்பாவி, நான் மொதல்ல வெச்ச தேதியே சரியா இருந்திருக்குமேடி!"

"ஆமா. ஒரு கணக்கும் தெரியாம சரியா வெச்சே" என்றாய். அந்த நேரத்திலும் உனக்கு வாய் அடங்கவில்லை.

ஆனால் நந்தினி சிரிக்கவில்லை, அழவும் இல்லை. சாக்பீஸ் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, "பரவால்ல டீச்சர், அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றாள். எட்டு வயதுப் பிள்ளை பெரிய மனுஷி மாதிரி எனக்குச் சமாதானம் சொல்கிறது. அது கத்தி அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நீ என் முகத்தைப் பார்த்தாய். நான் போனை எடுத்தேன்.

"டீச்சரம்மா, நான் என்ன டவுன் பஸ்ஸா, நீங்க கை காட்டற எடத்துல எல்லாம் நிக்கறதுக்கு?" என்றார் கிரானைட்காரர். அவர் கோபப்பட்டதில் நியாயம் இருந்தது. நாம் விட்ட அந்தப் பழைய வெள்ளிக்கிழமையை ஓசூரில் ஒரு கிரகப்பிரவேசத்துக்குக் கொடுத்துவிட்டாராம். நான் ஆதியோடந்தமாக எல்லாக் கதையையும் சொன்னேன், பொங்கல் தின்ற கட்டம் வரைக்கும். அந்தப் பக்கம் அவர் விழுந்து விழுந்து சிரித்தது பக்கத்தில் நின்ற உனக்கே கேட்டது. "நான் வரல. பேச ஆளில்லாம சீக்கிரம் முடியும், பிள்ளைங்களுக்கு நல்லதுதான். லட்டு அனுப்பி வெக்கிறேன்" என்றார். அழைப்பிதழில் தேதியை அடித்துவிட்டு, பதினொன்றாவது கட்டத்து வெள்ளிக்கிழமையைப் பிள்ளைகளே பேனாவால் எழுதினார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு வர வேண்டிய பஸ் வரவில்லை. நாலு மணிக்கும் வரவில்லை. ஊர்ப் பெரியவர்கள் நாற்காலியில் நெளிகிறார்கள், லட்டு டப்பாவைச் சுற்றி ஈ மொய்க்கிறது, மைக்செட்காரர் என்னை முறைக்கிறார். நந்தினி பட்டுப் பாவாடையோடு கேட்டில் நிற்கிறாள், கூப்பிட்டால் வரமாட்டேன் என்கிறாள். "ஓ.டி. போட்டுட்டாங்களோ என்னவோ, ஆரம்பிச்சிடலாம்" என்றேன் உன்னிடம்.

"ஆரம்பி" என்றாய். "நான் ஸ்கூட்டிய எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போறேன்."

"என்னடி மெரட்டற?"

"மெரட்டல. சொல்றேன்."

நீ என்னோடு நிஜமாகச் சண்டை போட்டது அந்த ஒரு தடவைதான் என்று நினைக்கிறேன். நான் பதிலுக்கு ஏதோ சுடச்சுடச் சொல்ல வாயைத் திறந்தேன், ரோட்டில் ஹாரன் கேட்டது. கம்பெனி வாசலில் ஏதோ லாரி குறுக்கே நின்றுவிட்டதாம். டிரைவர் ஊர் முக்குக்குப் போகாமல் பள்ளி கேட்டிலேயே வண்டியை நிறுத்தினார். அம்மாக்கள் இறங்கினார்கள் பார், அப்பா! நீலக் கோட்டோடு, கையில் டிபன் பையோடு, தொப்பி போட்ட அச்சு நெற்றியில் அப்படியே இருக்க, தபதபவென்று ஒரு கூட்டம். நந்தினி ஓடிப்போய் அவள் அம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து, சிறப்பு விருந்தினருக்கென்று துண்டு விரித்து வைத்திருந்த நாற்காலியில் உட்கார வைத்தாள். நான் தடுக்கப் போனேன். நீ என் முந்தானையைப் பிடித்து இழுத்தாய்.

கும்மி ஆரம்பித்தது. ஒன்று, இரண்டு என்று நந்தினி எண்ண, மூன்றில் கைதட்டு, மூணு, மூடு, மூரு. ஆறு வந்ததும் பிள்ளைகளோடு அம்மாக்களும் சேர்ந்து "ஆறு!" என்று கத்தினார்கள் பார், இருட்டில் எழுந்து வேலைக்குப் போய் வந்த தொண்டைகளா அவை? நந்தினிக்கு அம்மாவைப் பார்த்த பூரிப்பில் எண்ணிக்கை தவறி, அடுத்த கைதட்டை ஒரு எண் முன்னாலேயே தட்டிவிட்டாள். அவளைப் பார்த்து அத்தனை பிள்ளைகளும் தட்டினார்கள். கூட்டமே சிரித்தது. அவள் அம்மாதான் முதலில் சிரித்தாள். விடிவதற்கு முன் எழுந்தவள், கண்ணெல்லாம் சிவந்து கிடந்தது, ஆனால் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரித்துக்கொண்டே கோட்டுக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இவ்வளவும் நான் எப்படிப் பார்த்தேன் தெரியுமா? நீ எங்கே போய்த் தொலைந்தாய் என்று தேடப்போய்த்தான் பார்த்தேன். நீ மேடையோரத்தில், மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தாய். வாரக்கணக்காக இடுப்பொடியச் சொல்லிக் கொடுத்த கும்மி பின்னால் நடக்கிறது, நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஏய், பிள்ளைங்க அங்க ஆடுது. நீ எங்க பாக்கற?"

"அத அவங்க பாக்கட்டும்" என்றாய். "நான் இவங்களப் பாக்கறேன்."

நானும் உன் பக்கத்தில் வந்து மேடைக்கு முதுகைக் காட்டி நின்றேன். அன்றையிலிருந்து ஒவ்வொரு விழாவிலும் நாம் இரண்டு பேரும் அப்படித்தான் நின்றோம். பார்க்கிறவர்கள் இந்த டீச்சர்களுக்குப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.

இந்த வருஷ விழா போன வெள்ளிக்கிழமை நடந்தது. கட்டம் நான்தான் போட்டேன். குனிய முடியவில்லை, பிள்ளைகள் போட்டார்கள், நான் நாற்காலியில் உட்கார்ந்து அதிகாரம் பண்ணினேன். பொங்கல் வாரத்தைக் காலியாக விட்டோம், தேதி கச்சிதமாகக் காலை ஷிஃப்ட்டில் விழுந்தது. பஸ்ஸும் நேரத்துக்கு வந்துவிட்டது. நீ இருந்திருந்தால் என்னை எவ்வளவு கேலி பண்ணியிருப்பாய். எல்லாம் சரியாக நடந்தும், விழா ஆரம்பித்ததும் எனக்கு மேடையோரம் போக மனசு வரவில்லை. உன்னை அப்படித் தேடியது. தனியாக அங்கே போய் நிற்கப் பயமாக இருந்தது என்றே வைத்துக்கொள். கடைசியில் கும்மிப் பாட்டு கேட்டதும் கால் தானாகப் போய்விட்டது.

போய்ப் பார்த்தால் உன் இடத்தில் ஒரு ஆள் நிற்கிறது. நந்தினியின் அம்மா. நந்தினி இப்போது ஆறாம் வகுப்பு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஹைஸ்கூலில் படிக்கிறாள். இந்தப் பள்ளியில் அந்த அம்மாவுக்குப் பிள்ளை யாரும் இல்லை. கம்பெனியில் அவளை வேறு லைனுக்கு மாற்றிவிட்டார்கள், ஷிஃப்ட்டும் மற்றவர்களோடு சேராது, அந்த வாரம் அவளுக்கு மதியம்.

"ஷிஃப்ட்டுக்குப் போகலியாம்மா?" என்றேன்.

"இன்னொருத்திகிட்ட மாத்திக்கிட்டு வந்தேன் டீச்சர்."

"என்னாத்துக்கு? நந்தினிதான் இங்க இல்லியே."

அவள் மேடைப் பக்கம் திரும்பவில்லை. "அந்த டீச்சரு இங்கதான நிப்பாங்க" என்றாள். "அல்லாரும் ஆடறதப் பாப்பாங்க. அவுங்க மட்டும் எங்களப் பாப்பாங்க. இந்த வருஷம் இந்த எடம் காலியா இருக்குமேன்னு நெனச்சேன். மனசு கேக்கல."

அவள் கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டாள். முன்னால் நாற்காலிகளில் அம்மாக்கள் தொப்பி அச்சு மறையாத நெற்றியோடு, வாயைத் திறந்துகொண்டு, தம் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் அவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றோம், கும்மி முடியும்வரை.